யாரைப் பார்த்து எதைத் தொத்திக்கிட்டீங்க?

கொட்டகலை வாத்தியார்:

புத்திமதி கேட்டு இதைத் தொடங்கல. அது எல்லார்கிட்டயும் மூட்டை மூட்டையா இருக்கு. மனசைக் கொஞ்சம் லேசாக்கின ஒரு பழக்கம் உங்ககிட்ட இருந்தா, அது யாரைப் பார்த்து வந்துச்சுன்னு சொல்லுங்க. சளி, தடிமன் மாதிரி பழக்கமும் பக்கத்துல இருக்கிற ஆளுகிட்ட இருந்துதான் தொத்துதுன்னு எனக்கு ஒரு நெனப்பு. முதல்ல என் கதை.

எங்க அம்மா இருக்கிற தோட்டத்து லயத்துல (வரிசை வீடு) கடைசிக் காம்பராவில (அறை) ஒரு பெரியம்மா. ரத்த சொந்தம் இல்ல, வாய்க்கு வந்த முறை. 36 வருசம் தேயிலைக் கொழுந்து எடுத்தவங்க. 2022 மார்ச் கடைசியில, இலங்கை முழுக்க நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினாங்களே, அப்ப நான் அம்மா வீட்டுல. விடியல்ல லயமே கும்மிருட்டு. காம்பராவுக்குக் காம்பரா “நெருப்புப்பெட்டி எங்க, மெழுகுதிரி எங்க, டோர்ச்சப் புடி”ன்னு ஒரே சத்தம். கடைசிக் காம்பராவில மட்டும் சத்தம் இல்ல. அடுப்பு எரியுது, தேத்தண்ணி வாசம் வருது.

போய் எட்டிப் பார்த்தேன். அடுப்பு ஓரத்துல ஒரு பழைய மாஜரின் டப்பா, அதுக்குள்ள பொலித்தீன்ல சுத்தின நெருப்புப்பெட்டி. பக்கத்துல காய்ஞ்ச கவ்வாத்து மிலாறு (தேயிலைச் செடியை வெட்டிவிட்ட குச்சி): விரல் தடிப்புல ஒரு கட்டு, மணிக்கட்டுத் தடிப்புல ஒரு கட்டு. கேத்தல்ல ராத்திரியே தண்ணி ஊத்தி மூடியிருக்கு. கதவுக்குப் பின்னால ஆணியில, கொழுந்து எடுக்கிறப்ப இடுப்புல கட்டுற படங்கு, அதுக்கு நேர கீழ செருப்பு, வாசலைப் பார்த்த மாதிரி. வேலையை விட்டு ஆறு வருசமாச்சே, இன்னும் எதுக்குப் பெரியம்மா படங்குன்னு கேட்டேன். அதை ஒரு தரம் தடவிப் பார்த்துட்டு சொன்னாங்க:

“பெரட்டுக்கு (விடியல்ல ஆள் கணக்கு எடுத்து வேலை பிரிக்கிற இடம்) போறப்ப இருட்டுல தேட நேரம் ஏது வாத்தியாரே. தேடிக்கிட்டே எழும்புன அன்னைக்குப் பொழுதுக்கும் தேட்டந்தான். அதான், நாளைக்கு எழும்பப் போறவளுக்கு இன்னைக்கே எடுத்து வச்சிருவேன்.”

நாளைக்கு எழும்பப் போறவளாம். தன்னையே யாரோ பக்கத்து வீட்டுக்காரி மாதிரி சொன்னாங்க. நானும் ஒருத்தனை இப்படித்தான் தினமும் எழுப்பிக்கிட்டிருந்தேன், என்ன, நேர்மாறா. ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஃபோன் பார்த்துட்டு, திருத்தாத கொப்பி, கழுவாத கோப்பை எல்லாத்தையும் காலையில எழும்பப் போற அந்த அப்பாவி தலையில கட்டிட்டுப் படுத்துருவேன். அவன் எழும்பி முதல்ல என்னைத் திட்டுவான், பிறகு வீட்டுக்காரியை, பிறகு ஆறாம் வகுப்பை.

அதுக்கு முந்தி நான் ஆடாத கூத்தில்ல. நாலரைக்கு எழும்பி ஓடுறது (ஜனவரியில, புல்லெல்லாம் பனி பூத்துக் கிடக்கிற குளிருல, யாரு சொன்னா?). டயரி. சீனி போடாத பிளேன்டீ. எதையும் 21 நாள் செஞ்சா பழக்கமாயிரும்னு கேள்விப்பட்டு நாளை எண்ணுவேன். ஒன்பதைத் தாண்டினதில்ல. பிறகுதான் லண்டன்ல பிலிப்பா லாலி குழு 96 பேரை வச்சுச் செஞ்ச ஆய்வைப் படிச்சேன், 2010இல வந்தது. காலைச் சாப்பாடு மாதிரி ஏற்கெனவே இருக்கிற ஒரு வேளையோட புதுக் காரியத்தைக் கட்டி விட்டிருக்காங்க. அது யோசிக்காமலே கைக்கு வர சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும் கணக்கு வந்திருக்கு. இடையில ஒரு நாள் விட்டா குடி முழுகிப் போறதில்லைன்னும் கண்டாங்க. எனக்கு மருந்து இந்தக் கடைசி விசயந்தான். ஒரு நாள் தவறினதுமே “நீ உருப்பட மாட்ட”ன்னு எனக்கே சொல்லிட்டு மொத்தத்தையும் தூக்கிப் போடுற ஆள் நான்.

ராத்திரி பல்லு விளக்கின கையோட மூணு வேலை, அவ்வளவுதான் நான் தொத்திக்கிட்டது. கேத்தல்ல தண்ணி. சப்பாத்து வாசலைப் பார்த்து. ஃபோன் சார்ஜுக்குக் குசினியில. மூணாவதுக்குத்தான் உசிரு போச்சு. முதல் கிழமை தண்ணி குடிக்கிற மாதிரி ஒரே ராத்திரியில நாலு தரம் குசினிக்குப் போனேன். “இந்தத் தாகம் நல்லதுக்கில்ல, சீனி வருத்தமான்னு பார்த்துட்டு வாங்க”ன்னா வீட்டுக்காரி.

இப்ப நீங்க சொல்லுங்க.

ஹப்புத்தளை ஆட்டோ:

சேர், எழுத்துப் பிழை இருந்தா கண்டுக்காதீங்க. நான் ஸ்டாண்டுல பேர் போன கோவக்காரன். ஒரு நாள் பின்னேரம், கிளினிக் முடிச்ச ஒரு பெரியவரை ஏத்திக்கிட்டு பெரகலைக்கு இறங்குறேன். பனின்னா பனி, முன்னுக்குப் போற வாகனத்தோட லைட்டே தெரியல. நான் ஹோர்ன்ல வச்ச கையை எடுக்கல. பெரியவர் பின்னால இருந்து மெதுவா கேட்டாரு: “ஏன் தம்பி, பனி ஹோர்னுக்கு ஒதுங்குமா?”

ஓரங்கட்டினேன். அந்த வளைவுல ஒரு பெட்டிக்கடை. கித்துள் கருப்பட்டியைக் கடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் பிளேன்டீ குடிச்சோம். காசு அவரு கொடுத்தாரு. இருபது நிமிசத்துல பனி தானா மேல ஏறிப் போச்சு.

அதுல இருந்து மண்டை சூடானா எனக்குள்ள ஒரு கேள்வி: இது பஸ்ஸா, பனியா? லீசிங்காரங்க ஃபோன் பண்ணா முந்தி கத்துவேன். யோசிச்சுப் பார்த்தா அது பஸ்ஸு, ஹோர்ன் அடிச்சா ஒதுங்கும். நேர போய் உக்கார்ந்து, மாசத் தவணையைக் குறைச்சு காலத்தைக் கூட்டித் தரச் சொன்னேன். தந்தாங்க. மொத்தத்துல வட்டி கூடத்தான் போகுது, அந்த வயித்தெரிச்சல் வேற. ஆனா நித்திரை வருது. என் கூடப்பொறந்தவன் நாலு வருசமா என்னோட பேசல. அது பனி. அதுக்கு ஹோர்ன் அடிக்கிறத விட்டுட்டேன், லைட்டை மட்டும் போட்டுக்கிட்டு நிக்கிறேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒரு மெசேஜ்.

அரைப்பேர்:

எல்லாம் வாசிக்க நல்லாத்தான் இருக்கு. எங்கம்மா இன்னும் மலையில. 2021இல நாள் சம்பளம் ஆயிரம் ஆக்கினாங்க, 2024 செப்டம்பர்ல 1350ன்னு வர்த்தமானி வந்துச்சு. சொன்ன கிலோவுக்கு ரெண்டு குறைஞ்சா அரைப்பேருதான், பாதி நாள் சம்பளம். செருப்பை வாசலைப் பார்த்து வச்சா கிலோ கூடுமா? “சந்தோசமா இருக்கப் பழகு”ன்னு சொல்றவன் எப்பவும் தராசுக்கு அந்தப் பக்கம் நிக்கிற ஆளாத்தான் இருக்கான்.

கொட்டகலை வாத்தியார்:

கூடாது தம்பி. அதை நான் மறுக்கல. பெரியம்மா அப்படி எடுத்து வச்சதே அரைப்பேருக்குப் பயந்துதான். அந்தப் பயத்தை உண்டாக்கினது யாருன்னு கேக்குறது வேற சண்டை, அதுக்கு நானும் வாறேன்.

மஸ்கெலியாக்காரி:

நான் கொழும்புல துணிக்கடையில வேலை, பதினொரு வருசம். எந்த ஊருன்னு கேட்டா “நுவரெலியா”ன்னு சொல்லிட்டுப் பேச்சை மாத்திருவேன். தோட்டம்னு வாயில வராது. பொய் இல்லதான், மாவட்டம் அதுதானே. ஆனா சொல்ற ஒவ்வொரு தரமும் தொண்டையில முள்ளு குத்தும்.

ஒரு சித்திரை லீவுக்குப் பொடி மெனிக்கே ரயில்ல வாறேன். காலு வைக்க இடமில்ல. ஒரு அம்மாயி தன் பேக்கை மடியில தூக்கி வச்சுக்கிட்டு எனக்கு அரை சீட்டுக் கொடுத்தாங்க. உக்கார்ந்ததும் விசாரணை: “எந்த ஊரு புள்ள?” நுவரெலியான்னேன். “நுவரெலியா பெருசு. எந்தத் தோட்டம்? மேக் கணக்கா கீழ்க் கணக்கா? எத்தனாம் நம்பர் லயம்?” (கணக்குன்னா தோட்டத்துல ஒரு பிரிவு.) சுத்தி அத்தனை பேரும் கேக்குறாங்க. வேற வழியில்லாம ஒவ்வொண்ணா சொன்னேன். அம்மாயிக்கு முகமெல்லாம் பல்லு. எங்க தாத்தாவைக் காமன் கூத்துல ரதியா பார்த்திருக்காங்களாம்! மவுசாக்கலை நீர்த்தேக்கத்துல தண்ணி வத்தினா பழைய மஸ்கெலியாக் கோயில் தலை காட்டுமே, அந்தப் பழைய டவுன்ல கை புடிச்சு நடந்த கதையெல்லாம் சொன்னாங்க. ஹட்டன் வந்ததே தெரியல. இறங்குறப்ப ரொட்டியும் கட்டச்சம்பலும் பேப்பர்ல சுத்தி என் கையில திணிச்சுட்டாங்க.

இப்ப யாரு கேட்டாலும் தோட்டம், கணக்கு, லயம் நம்பர் வரைக்கும் சொல்றேன். சில பேர் முகம் மாறும், பார்க்கிறேன். மாறட்டும். 2023இல நம்ம சனம் இந்தியாவில இருந்து வந்த 200 வருசத்தை நெனச்சு தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நடந்தாங்க இல்லையா, கடைசி நாள் மாத்தளையில நானும் போய் நின்னேன். கடை முதலாளிகிட்ட லீவு கேக்கிறப்ப காரணத்தையும் சொல்லித்தான் கேட்டேன்.

இன்னொண்ணு. ரயில்ல இப்ப இயர்ஃபோன் போடுறதில்ல.

கொட்டகலை வாத்தியார்:

தங்கச்சி, இதை வெள்ளைக்காரனும் சோதிச்சுப் பார்த்திருக்கான். சிக்காகோ ரயில்ல போறவங்கள்ல சில பேரைப் பக்கத்து ஆளோட பேசச் சொன்னாங்க, சில பேரை வாய் திறக்காம இருக்கச் சொன்னாங்க. பேசினா அறுவையா இருக்கும்னுதான் சனம் முன்கூட்டிச் சொன்னது. பேசினவங்களுக்குத்தான் பயணம் நல்லா இருந்துச்சு. எப்லி, ஷ்ரோடர் ரெண்டு பேரும் 2014இல எழுதினது. ஆனா ரொட்டி கொடுத்ததா அதுல இல்ல.

வெலிமடை மருமகள்:

நான் தோத்த கதை. ராத்திரிக்கு ராத்திரி நன்றி சொல்ல மூணு விசயம் எழுதணும்னு ஒரு வீடியோ பார்த்து, பூப்போட்ட கொப்பி வாங்கினேன். முதல் நாள் உருக்கமா எழுதினேன். நாலாம் நாள் “பாண் சூடா கிடைச்சது”. அஞ்சாம் நாளும் பாண். எட்டாம் நாள் கொப்பி மாமியார்கிட்ட போயிருச்சு, இப்ப அதுல சீட்டுக் கணக்கு இருக்கு.

நான் தொத்திக்கிட்டது அந்த மாமியார்கிட்ட இருந்துதான். அவங்க எழுதுறதில்ல. வெள்ளிக்கிழமை விளக்கு வச்சுட்டு யாருக்காவது ஒரு ஃபோன் போடுவாங்க: “நீ அன்னைக்குக் கொடுத்த போஞ்சி வெதை நல்லா முளைச்சிருக்கு”. முப்பது செக்கன்ல முடிஞ்சுரும். நானும் வெள்ளிக்கிழமைக்கு ஒண்ணு, கட்டார்ல இருக்கிற அவருக்கு வொய்ஸ் அனுப்புறேன். போன கிழமை “நீங்க போறப்ப ஓட்டைக்கு மேல அடிச்சுட்டுப் போன தகரம் இந்த மழைக்கும் ஒழுகல”ன்னேன். மனுசன் அதை ரூம்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டியிருக்காரு. வெக்கமாப் போச்சு.

(எமன்ஸ், மெக்கலஃப் ரெண்டு பேரும் 2003இல வெளியிட்ட நன்றி ஆய்வுல ஒரு பகுதி கிழமைக்கு ஒரு தரம்தான், பத்துக் கிழமை. அந்த வீடியோ இதைச் சொல்லல. என் கொப்பிக் காசு.)

வார்டு டியூட்டி:

இடையில வாறதுக்கு மன்னிக்கணும், நான் தாதி. கதையெல்லாம் ரசிச்சேன். ஆனா கிழமைக்கணக்கா நித்திரை இல்ல, சாப்பாடு இறங்கல, எதுலயும் பிடிப்பு இல்ல, செத்தா நல்லம்னு தோணுதுன்னா, அது கேத்தல்ல தண்ணி ஊத்தி வச்சு சரியாகிற விசயமில்ல. அது வருத்தம், நோய். மருந்து இருக்கு. 1926க்கு எடுத்தா தேசிய மனநல உதவி இலக்கம், தமிழ்லயும் பேசலாம். எங்க வீட்டுல ஒருத்தருக்கு “கோயிலுக்குப் போ, மனசைத் தேத்திக்க”ன்னு சொல்லிச் சொல்லியே ஒரு வருசத்தை வீணாக்கினோம். இப்ப அவர் நல்லா இருக்காரு.

அரைப்பேர்:

மறுபடி நான்தான். சண்டைக்கு இல்ல.

சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு. எங்கப்பா குடிகாரர். பத்தாம் திகதி சம்பளம்னா ராத்திரி எட்டு மணிக்கு அவரை ரோட்டுல இருந்து தூக்கிட்டு வாறது என் வேலை, அப்ப எனக்கு வயசு பன்னெண்டு. அவரோட செட்டு மாமா ஒருத்தர், ரெண்டு பேரும் கவ்வாத்துக் கத்தி. ஒரு மாசம் மாமாவை மட்டும் தவறணை வாசல்ல காணல. அடுத்த மாசமும் காணல. மாலை போட்டுட்டாரோன்னு சனம் பேசிக்கிச்சு. நான் நேர கேட்டேன். “நான் நல்லவன் ஆகலடா. ரோட்டை விட்டுட்டேன். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பின்னால அட்டைக் காட்டுப் பாதை இருக்கில்ல, கோயிலுக்கு மேல போய் இறங்கும், அதுல வாறேன். தவறணையைக் கண்டா என்னால நிக்க முடியாது. அதான் காணாம வாறேன்.” கால்ல அட்டை கடிச்ச ரத்தம் வழியுது. சவுக்காரத்தைத் தேய்ச்சுக்கிட்டே சொல்றாரு.

எங்கப்பா கடைசி வரைக்கும் ரோட்டுலதான் வந்தாரு. 2016இல போயிட்டாரு.

நானும் அந்தப் பாதைக்காரன்தான். குடிக்கு இல்ல, நான் தொட்டதில்ல. எனக்கு ஒன்லைன்ல பந்தயம் புடிக்கிற பைத்தியம் இருந்துச்சு. எத்தனையோ தரம் சாமி மேல சத்தியம் பண்ணிட்டு மறுநாளே கட்டினேன். கடைசியில பேங்க் கார்டை அக்காகிட்ட கொடுத்துட்டு, பட்டன் ஃபோனுக்கு மாறிட்டேன். இப்ப எழுதுறது அக்காவோட ஃபோன்ல, அவ பக்கத்துல உக்கார்ந்திருக்கா. அட்டை கடிக்கத்தான் செய்யுது, சனம் கேலி பண்ணுது. எட்டு மாசம்.

சம்பளத்தைப் பத்திச் சொன்னதை நான் வாபஸ் வாங்கல.

கொட்டகலை வாத்தியார்:

வாங்க வேண்டாம்.

ஞாயித்துக்கிழமை அம்மா வீட்டுக்குப் போனேன். பெரியம்மாகிட்ட இந்தக் கதை எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினேன். பனிக்கதைக்குச் சிரிச்சாங்க. ரயில் அம்மாயி எந்தத் தோட்டம்னு இந்தப் புள்ள திருப்பிக் கேக்கலயேன்னு கோவப்பட்டாங்க. அட்டைப் பாதை வந்ததும் மிலாறு ஒடிக்கிறதை நிப்பாட்டிட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, “அந்தத் தம்பி எழுத்து நல்ல எழுத்தா இருக்கு. கல்யாணம் ஆயிருச்சான்னு கேளு, நம்ம பேத்தி ஒண்ணு இருக்கா”ன்னாங்க.

அரைப்பேர்:

ரெண்டு புள்ளைக்கு அப்பன்னு சொல்லிருங்க சேர். அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறா.