ஹாயிக்கில் நான் கேட்ட கேள்வி

எடின்பரோவாசி:
மூன்று ஆண்டுகளாகிவிட்டன, இன்னும் உறுத்துகிறது. ஸ்காட்லாந்தின் தென்கோடி ஊரான ஹாயிக்கில், மான்ஸ்ஃபீல்டு பார்க் மைதானத்தில், பச்சைச் சட்டை போட்ட ஊர் கிளப்பின் ரக்பி ஆட்டம். பக்கத்தில் எண்பதைத் தாண்டிய பெரியவர். பேச்சு ஹாயிக்கின் பழைய முன்வரிசை ஆட்டக்காரர் ஹியூ மக்லவுடைப் பற்றிப் போனது: 1954 முதல் 1962 வரை ஸ்காட்லாந்துக்கு இடைவிடாமல் 40 ஆட்டங்கள், முதல் ஆறும் தோல்வி. பெரியவர் சிறுவயதில் அவர் ஆட்டத்தை நேரில் பார்த்தவர். திடீரென எழுந்து, என்னைக் குனியச் சொல்லி, தோளோடு தோள் கோத்து, ஸ்க்ரமில், அதாவது இரு அணிகளும் குனிந்து கோத்துக்கொண்டு ஒன்றையொன்று தள்ளும்போது, முன்வரிசைக்காரர் எப்படி முட்டுக்கொடுப்பார் என்று காட்டினார். முழு பலத்தோடு தள்ளினேன். மனிதர் அசையவில்லை. மூச்சு வாங்க நிமிர்ந்த நான், "இதற்கெல்லாம் அவருக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?" என்று கேட்டுவிட்டேன். பெரியவரின் முகம் இறுகிவிட்டது. ஆட்டம் முடியும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

மழைக்காலம்:
"முதல் ஆறும் தோல்வி" என்று அவர் தலையில் கட்டாதீர்கள். அவர் வருவதற்கு முன்பே 11 தோல்விகள் வரிசையாக நடந்திருந்தன. 1951 பிப்ரவரியில் மர்ரேஃபீல்டில் வேல்ஸை 19-0 என்று சாய்த்த ஸ்காட்லாந்து அணி, அதே நவம்பரில் அதே மைதானத்தில் தென்னாப்பிரிக்காவிடம் 44-0 என்று தோற்றது. எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றும் டிரைக்கு மூன்று புள்ளிகள்தான் இருந்த காலம் அது! என் வீட்டு உரிமையாளர் எட்டு வயதில் அப்பாவோடு போயிருக்கிறார். எதிரணியின் டிரைகளை எனக்கு விரல்விட்டு எண்ணிக் காட்டினார். ஒன்பதாவது விரலை மடக்கியபின், மிஞ்சிய ஒற்றை விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். 1955 பிப்ரவரியில் வேல்ஸை 14-8 என்று வென்றபோதுதான் அந்த 17 தோல்விகளின் வரிசை அறுந்தது. மக்லவுட் அந்த அணியிலும் இருந்தார். அதைச் சொல்லாமல் விடலாமா?

தறிக்காரர் மகன்:
தோல்விக் கணக்கு இருக்கட்டும். கேள்விதான் தவறு. எனக்கும் ஒரு கிளப் வாசலில் இதே அனுபவம். பேச்சு சட்டென்று நின்றுவிட்டது. ஹாயிக் போன்ற ஊர்களில் ஆடியது யூனியன் ரக்பி, அதற்குச் சம்பளம் கிடையாது. அங்கே ரக்பியையும் பணத்தையும் சேர்த்துச் சொன்னால், ஆடுபவர்களுக்குக் காசு கொடுத்த வட இங்கிலாந்தின் லீக் ரக்பி என்ற வேறு ஆட்டம் என்றுதான் பொருள். காசுக்காக லீக்குக்குப் போனவருக்கு யூனியன் ரக்பியில் மறுபடி இடமில்லை. 1995 வரை இதுதான் நிலை. ஊரே கொண்டாடிய ஆட்டக்காரர், கிளம்பிய மறுநாளே வெளி ஆள். பெரியவரின் வீட்டிலேயே அப்படி ஒருவர் போயிருக்கலாம்.

இன்னொன்று. வயதானவரோடு ஸ்க்ரம் தள்ளிப் பார்க்காதீர்கள். கழுத்து போய்விடும், உங்களுக்கும் சேர்த்துத்தான். பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்புகிறவர்கள் பல்லுறை இல்லாமல் அனுப்ப வேண்டாம். முதலில் விழக் கற்கட்டும், பிறகு எதிராளியைப் பிடித்து வீழ்த்த. தலையில் அடிபட்டால், "ஒன்றுமில்லை" என்று பிள்ளை சொன்னாலும் அன்றைக்கு மறுபடி ஆடவிடாதீர்கள். முன்வரிசையில் நிற்க ஆசைப்படுகிற பிள்ளைக்குக் கழுத்தையும் முதுகையும் மெல்ல மெல்லப் பலப்படுத்துங்கள், அவசரம் வேண்டாம்.

எடின்பரோவாசி:
லீக் விஷயம் அன்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமை மறுபடி ஹாயிக் போகிறேன். அன்று நின்ற அதே இடத்தில்தான் நிற்பேன்.