பழைய விமானப்படைத் தோல் மேலங்கியை வீட்டில் காட்சிக்கு வைப்பது எப்படி?

நெய்தல் (லண்டன்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்து வீட்டில் வாழ்ந்து அண்மையில் மறைந்த முதியவரின் குடும்பத்தார், அவருடைய தந்தை இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையில் அணிந்திருந்த இர்வின் மேலங்கியை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். உட்புறம் ரோமத்தோடு கூடிய செம்மறியாட்டுத் தோல். மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கிச் செல்லும் ஜிப் இரண்டு கைகளிலும் இருக்கிறது. அதன் பற்களில் பச்சை மெழுகு போல ஏதோ ஒட்டியிருக்கிறது. கழுத்துப்பட்டை ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கிறது. துடைத்தாலும் சில வாரங்களில் மீண்டும் வந்துவிடுகிறது. தோல் விறைத்திருப்பதால் எண்ணெய் பூசி மென்மையாக்கிக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து, வரவேற்பறையில் மாட்டலாம் என்று எண்ணுகிறேன். என்னை நம்பிக் கொடுத்த பொருள் என் கையில் கெட்டுவிடக் கூடாது. வழி சொல்லுங்கள்.

ஆம்பூரான்:

எண்ணெய் மட்டும் வேண்டாம் அம்மா. தோல் பதனிடும் தொழிலில் முப்பது ஆண்டுகளாக இருப்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன். நாங்கள் தோலுக்கு எண்ணெய் ஏற்றுவது அது ஈரமாக இருக்கும்போதுதான். தண்ணீரோடு பால் போலக் கலந்த எண்ணெய், டிரம்மில் உருண்டுகொண்டிருக்கும் தோலின் நார்களுக்கிடையே புகுந்து படிகிறது. எண்பது ஆண்டுகள் உலர்ந்த தோலின் மேல் தடவும் எண்ணெய் அப்படிச் சேர்வதில்லை. காற்றுப்பட்டுப் பிசுபிசுத்து, தூசியை இழுத்து, நிறத்தைக் கறுக்கவைத்து, நாளடைவில் முன்பைவிட அதிகமாக இறுகிவிடும். தோல் பொருள்களைத் துடைக்கப் பயன்படும் சேணச் சோப்பும் வேண்டாம். அதன் காரத்தன்மை பழைய தோலுக்கு ஆகாது.

அந்த வெள்ளைப் பூப்பு கொழுப்பாகவும் இருக்கலாம், பூஞ்சையாகவும் இருக்கலாம். சிறிதளவை மென்மையாகச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து, அந்தத் துண்டைக் கொதிநீர்க் கோப்பையின் மேல் பிடித்துப் பாருங்கள். உருகினால் தோலுக்குள்ளிருந்து வெளியேறிய கொழுப்பு. உலர்ந்த மென்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். உருகாமல் புழுங்கல் வாடையும் அடித்தால் பூஞ்சை என்று கொள்ளலாம். எப்படியானாலும் தோலின் மேல் நேரடியாகச் சூடு காட்டாதீர்கள். பழைய தோல் சூட்டில் சுருங்கினால் மீளாது.

பச்சை மெழுகு, ஜிப்பிலுள்ள செம்பும் தோலின் கொழுப்பும் சேர்ந்து உண்டானது. பற்களுக்குப் பின்னால் பாலித்தீன் துண்டைச் செருகிக்கொண்டு, கையுறை அணிந்து, மூங்கில் குச்சியால் மெல்ல நீக்குங்கள்.

பேழைக்காவலர்:

ஆம்பூரான் ஐயா சொன்னதோடு, காட்சிக்கு வைக்கும் முறையைப் பற்றிச் சில. நான் அருங்காட்சியகத்தில் ஆடைகளைப் பேணும் பணியில் இருப்பவன். எங்களிடம் வரும் தோல் ஆடைகளில் பெரும்பாலானவை தோள்பட்டையில்தான் கிழிந்திருக்கின்றன. ரோமத் தோல் கனமானது. மேலும், போர் நீண்டபோது சிறு தோல் துண்டுகளை இணைத்துத் தைத்த இர்வின் அங்கிகள் மிகுந்தன. அவற்றில் தையல்கள் அதிகம், ஆகவே இழுவையில் விட்டுக்கொடுக்கும் இடங்களும் அதிகம். சுவரில் தொங்கவிடுவதைவிட, மார்பளவு உருவம் ஒன்றைப் பாலியஸ்டர் பஞ்சாலும் சலவை செய்த வெளுக்காத பருத்தித் துணியாலும் அங்கியின் அளவுக்கு நிரப்பி, அதன் மேல் அணிவிப்பது நல்லது. கைகளுக்குள் அமிலமற்ற காகிதத்தைத் தளர்வாகச் சுருட்டி வையுங்கள்.

வெளிச்சம் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வேண்டாம். சன்னலுக்கு எதிர்ச்சுவர் கூடாது, ரேடியேட்டருக்கு மேலே கூடவே கூடாது. ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் நிலையாக இருக்கட்டும். 65ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். சில மாதங்கள் காட்சியில் வைத்தபின் இருட்டில் ஓய்வு கொடுங்கள், ஏனென்றால் வெளிச்சத்தின் சேதம் கூடிக்கொண்டே போவது, குறைவதில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன்: கழுத்துப்பட்டையைப் புரட்டி, ரோமத்தின் அடிவேரைப் பாருங்கள். அந்துப்பூச்சி அங்கேதான் குடியிருக்கும்.

நெய்தல் (லண்டன்):

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வெள்ளைப் பூப்பு உருகிவிட்டது. ஆனால் கழுத்துப்பட்டையின் அடியில் அரிசி அளவில் நான்கைந்து வெண்கூடுகளும், ரோமம் உதிர்ந்து தோல் தெரியும் சிறு திட்டு ஒன்றும் இருக்கின்றன. என்ன செய்வது?

பேழைக்காவலர்:

பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரங்கள் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள்; அறைச்சூட்டுக்கு வர ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த தோலின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். பிறகு வலைத்துணி கட்டிய வாக்குவம் கிளீனரால், குறைந்த இழுவிசையில், கூடுகளை உறிஞ்சி எடுங்கள். அங்கி வைத்திருந்த அலமாரியையும் மறவாமல் சுத்தம் செய்யுங்கள்.