இங்கிலாந்தில் சித்தப்பா விட்டுச்சென்ற வீடு: புரோபேட் பற்றிப் புதிதாக வந்தவர்களுக்கு

நான் இங்கிலாந்துக்கு வந்த இரண்டாம் ஆண்டில் சித்தப்பா இறந்தார். சித்தி அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. உயிலில் என்னை எக்சிக்யூட்டராக, அதாவது உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளராக, எழுதிவைத்திருந்தார். வீடும் சேமிப்பும் எனக்கும் அக்காவுக்கும் மதுரையில் இருக்கும் அத்தைக்கும் சம பங்கு. சாவியும் உயிலும் என் கையில் இருந்தன. மூன்று மாதத்தில் விற்றுப் பிரித்துவிடலாம் என்று நினைத்தேன். பதினான்கு மாதம் ஆனது.

இறந்தவரின் சொத்தைக் கையாள நீதிமன்றம் தரும் அனுமதிதான் புரோபேட். இதே நிலையில் இருப்பவர்கள் அதைப் பற்றி அடிக்கடி கேட்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் சட்டமும் வேறு, பெயரும் வேறு.

உறவினர்களுக்குப் புரியவைக்கக் கடினமான விஷயம் ஒன்று உண்டு. எக்சிக்யூட்டர் வீட்டின் சொந்தக்காரர் அல்ல. அவருக்கே பங்கு இருந்தாலும் கடன், வரி, செலவு எல்லாம் தீர்ந்த பிறகு மிஞ்சுவதில்தான் அந்தப் பங்கு. அவசரப்பட்டுப் பிரித்துக்கொடுத்த பிறகு ஒரு கடன்காரர் வந்து நின்றால், சொந்தப் பணத்தை எடுத்துத்தான் கொடுக்கவேண்டும். இந்தச் சுமை வேண்டாமென்றால் எழுதிக்கொடுத்து விலகிக்கொள்ளலாம். ஆனால் இறந்தவரின் பணத்திலோ சொத்திலோ கைவைப்பதற்கு முன்பே விலகிவிடவேண்டும்.

உயிலின் மூலப்படியைத்தான் புரோபேட் அலுவலகம் கேட்கும். இங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்யப் பார்த்தேன். நகல் எடுக்க வசதியாக இருக்குமே என்று மூலையிலிருந்த ஸ்டேப்ளர் பின்னை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தேன். சொலிசிட்டரிடம், அதாவது வழக்கறிஞரிடம், வேலைபார்க்கும் நண்பர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். பின் எடுத்த துளை தெரிந்தால், அங்கே வேறொரு தாள் இணைந்திருந்ததா, உயிலை மாற்றிய துணைப்பத்திரம் ஏதாவது காணாமல்போனதா என்று கேள்வி வரும். பிறகு அதற்கொரு விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கவேண்டும். ஆகவே பின்னைத் தொடாதீர்கள், வேறு எதையும் அதனோடு கிளிப் போட்டும் வைக்காதீர்கள். உயில் தமிழில் இருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

எல்லா வீட்டுக்கும் புரோபேட் தேவையில்லை. கணவனும் மனைவியும் கூட்டுரிமையாளர்களாக வாங்கிய வீட்டில் ஒருவர் இறந்தால் வீடு தானாகவே மற்றவருக்குப் போய்விடும். இறப்புச் சான்றிதழை நிலப் பதிவகத்துக்கு அனுப்பி இறந்தவர் பெயரை நீக்கச் சொன்னால் போதும். தனித்தனிப் பங்காக வாங்கியிருந்தால் கதை வேறு. அந்தப் பங்கு உயிலின்படி போகும். எந்த வகை என்பதை நிலப் பதிவகத்தின் பதிவேட்டு நகலை வாங்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், உறவினர்களின் ஞாபகத்தை நம்பவேண்டாம்.

உயிலே இல்லையென்றால் சட்டம் வகுத்த வரிசைப்படி சொத்து பிரியும். பிள்ளைகள் இருக்கும்போது, வாழ்க்கைத் துணைக்கு வீட்டுப் பொருட்களும் முதல் 3,22,000 பவுண்டும் மீதியில் பாதியும் கிடைக்கும். மறுபாதி பிள்ளைகளுக்கு. நம்மவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது: இந்நாட்டில் கோயிலில் தாலி கட்டிவிட்டு, சட்டப்படி பதிவு செய்யாமல் விட்ட தம்பதிகள் பலர். ஊரே கூடி வாழ்த்தியிருந்தாலும் இந்தச் சட்டத்தின் கண்ணில் அவர் வாழ்க்கைத் துணை அல்ல. இந்த வரிசையில் அவருக்கு இடமே கிடையாது. நீதிமன்றம் போய்த்தான் ஏதாவது கேட்கமுடியும். இந்தியாவில் முறைப்படி நடந்த திருமணத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இனி வரி. இந்தியாவில் வாரிசுச் சொத்துக்கான வரியை 1985-இலேயே எடுத்துவிட்டதால், "செத்தவருக்கு எதற்கு வரி?" என்று அத்தை ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் கேட்டார். இங்கே 3,25,000 பவுண்டு வரை வரி இல்லை, அதற்கு மேல் 40 சதவீதம். குடியிருந்த வீட்டைப் பிள்ளைகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ விட்டால் கூடுதலாக 1,75,000 பவுண்டு வரை விலக்கு உண்டு. அண்ணன் பிள்ளைகளுக்கு அது கிடையாது.

சித்தப்பாவின் வீடு 4,20,000, சேமிப்பு 1,20,000. அப்படியே பார்த்தால் வரி 86,000 பவுண்டு. எங்களைக் காப்பாற்றியவர் சித்தி. அவர் எல்லாவற்றையும் கணவருக்கே விட்டுச்சென்றதால், அவருடைய 3,25,000 விலக்கு பயன்படாமல் அப்படியே கிடந்தது. அதைக் கணவரின் கணக்கோடு சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அது தானாக வராது, கேட்டு வாங்கவேண்டும். திருமணச் சான்று, சித்தியின் இறப்புச் சான்றிதழ், அவருடைய உயில் மூன்றும் கையில் இருக்கவேண்டும். திருமணச் சான்றைத் தேடி ஒரு வாரம் வீட்டைக் கவிழ்த்தேன். கடைசியில் அது புடவை அலமாரியில், பழைய நகைக்கடைப் பையொன்றில் இருந்தது. வீட்டைக் காலிசெய்ய ஆள் வைப்பதற்கு முன்பு ஒவ்வொரு பையையும் நீங்களே திறந்துபாருங்கள். நகைகளையும் மதிப்பீட்டில் சேர்க்கவேண்டும், வாங்கிய விலைக்கு அல்ல, இறந்த அன்று விற்றால் என்ன கிடைக்குமோ அந்த விலைக்கு.

வரி கட்டவேண்டியிருந்தால், இறந்த மாதம் முடிந்து ஆறு மாதத்துக்குள் கட்டவேண்டும், பிறகு வட்டி ஓடும். இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. வரிக்கணக்கைத் தீர்க்காமல் கிராண்ட், அதாவது புரோபேட் அனுமதிப் பத்திரம், வராது; கிராண்ட் வராமல் வீட்டை விற்றுப் பணமாக்க முடியாது. இதற்காகவே, இறந்தவரின் வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரித்துறைக்குப் பணம் அனுப்ப ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வீட்டின்மேல் வரும் வரியைப் பத்து ஆண்டுத் தவணையிலும் கட்டலாம், வீடு விற்றவுடன் மீதியை முழுதாகக் கொடுத்துவிடவேண்டும். இறந்தவர் கடந்த 20 ஆண்டில் 10 ஆண்டாவது இங்கே வாழ்ந்திருந்தால், ஊரிலுள்ள நிலமும் இந்த வரிக்கணக்குக்குள் வரக்கூடும். 2025 ஏப்ரல் முதல் இதுதான் விதி. இந்தியாவுடன் 1956-இல் செய்த பழைய ஒப்பந்தம் ஒன்று சிலருக்குக் கைகொடுக்கும். ஊரில் சொத்து இருந்தால் இந்த ஒரு கேள்விக்காவது விவரம் தெரிந்தவருக்குக் கட்டணம் கொடுத்துக் கேளுங்கள்.

விண்ணப்பக் கட்டணம் 300 பவுண்டு. இணையத்தில் நானே நிரப்பினேன், எளிய கணக்கென்றால் முடியும். சில சொலிசிட்டர்கள் சொத்து மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கேட்பார்கள். எனக்கு வந்த முதல் கட்டண விவரமே அப்படித்தான், படித்துவிட்டுத் தேநீரை ஆறவிட்டேன். மணிக்கணக்கிலோ மொத்தத் தொகையாகவோ சொல்பவரைத் தேடுங்கள்.

கிராண்டுக்குக் காத்திருக்கும் மாதங்களில் வீடு சும்மா இருக்காது. வெறும் வீடு என்றவுடன் காப்பீடு சுருங்கிவிடும். பல பாலிசிகளில் 30 அல்லது 60 நாளுக்குப் பிறகு தண்ணீர்க்கசிவுக்கும் திருட்டுக்கும் பாதுகாப்பு இல்லை. நான் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமலே இரண்டு மாதம் ஓட்டியிருந்தேன். ஜனவரியில் ஒருநாள் கதவைத் திறந்தால் சமையலறைக் கூரை ஊறித் தொங்கிக்கொண்டிருந்தது. மாடியில் உறைந்த குழாய் வெடித்திருந்தது. செலவு முழுவதும் எஸ்டேட், அதாவது இறந்தவர் விட்டுச்சென்ற மொத்தச் சொத்தின், தலையில்தான் விழுந்தது, அதாவது அத்தையின் பங்கிலும். அதைச் சொல்லத் தொலைபேசியை எடுத்த நிமிடம் இன்னும் நினைவிருக்கிறது. வெறும் வீட்டுக்கென்று தனிக் காப்பீடு எடுங்கள். குளிர்காலத்தில் தண்ணீரை மூடிக் குழாய்களை வடித்துவிடுங்கள். வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துத் தேதியைக் குறித்துவையுங்கள், சில பாலிசிகள் அதைக் கேட்கும்.

உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரி பற்றிக் கவலை வேண்டாம். ஆள் இல்லாமல் கிடக்கும் வீட்டுக்குக் கிராண்ட் வரும்வரையும், வந்து ஆறு மாதம் வரையும் விலக்கு உண்டு. அதற்குக் கவுன்சிலுக்கு எழுதிச் சொல்லவேண்டும். நிலப் பதிவகத்தின் இலவச எச்சரிக்கைச் சேவையிலும் வீட்டைச் சேர்த்துவிடுங்கள். வெறும் வீட்டைத் தன் பெயரில் மாற்றப் பார்க்கும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள்.

விற்பனையைக் கிராண்டுக்கு முன்பே தொடங்கலாம், விளம்பரம் செய்யலாம், விலை பேசலாம். ஆனால் அதை முடிக்கக் கிராண்ட் வேண்டும், வாங்குபவரின் சொலிசிட்டர் அதைக் கண்ணால் பார்க்காமல் நகரமாட்டார். இதை முதல் நாளே வீட்டை விற்றுத்தரும் ஏஜென்டிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாததால் முதலில் வந்தவர் ஆறு வாரம் காத்திருந்து வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

இறந்த நாள் மதிப்பைத் தகுதியுள்ள மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் வாங்குங்கள், ஏஜென்ட் வாய்வழி சொல்வது போதாது. மூலதன ஆதாய வரிக்கு, அதாவது விற்ற லாபத்தின்மேல் வரும் வரிக்கு, அந்தத் தொகைதான் தொடக்கப் புள்ளி. எங்கள் வீடு 4,31,000-க்குப் போனது. ஆதாயம் 11,000, விற்பனைச் செலவு 7,500, எஸ்டேட்டுக்கு உரிய விலக்கு 3,000, மிஞ்சியது 500. அதற்கு 24 சதவீதம், 120 பவுண்டு. இதற்காக ஒரு தனிக் கணக்கு திறந்து, விற்பனை முடிந்த 60 நாளுக்குள் தெரிவித்துக் கட்டவேண்டியிருந்தது. விலை இறங்கி மதிப்பீட்டுக்குக் கீழே விற்றால், நான்கு ஆண்டுக்குள்ளான விற்பனைக்கு ஏற்கெனவே கட்டிய வாரிசு வரியில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கலாம்.

பணம் வந்தவுடன் அனுப்பிவிடச் சொல்லி அழுத்தம் வரும். அரசிதழிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் கடன்காரர்களுக்கு அறிவிப்பு கொடுத்து இரண்டு மாதம் காத்திருந்தால், பின்னால் வரும் கடன்காரரிடமிருந்து உங்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கும். குடும்பத்தில் யாராவது தனக்குப் போதிய பங்கு இல்லை என்று வழக்குப் போடக் கிராண்டிலிருந்து ஆறு மாதம் அவகாசம் உண்டு, அதுவும் கழியட்டும். இறந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் பிரித்தே ஆகவேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அத்தையிடம் இந்த வாக்கியத்தை மட்டும் மூன்று முறை சொன்னேன். "சட்டத்திலேயே அப்படி இருக்கிறதா தம்பி?" என்று கேட்டவர், அதன்பிறகு கேட்கவில்லை.

கணக்கு எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டு, பணமும் போய்ச் சேர்ந்துவிட்டது. அஞ்சலை என் முகவரிக்குத் திருப்பிவிட்டிருந்தேன். ஒருநாள் அதில் ஒரு கடிதம் வந்தது. சித்தப்பா பிரீமியம் பாண்ட், அதாவது வட்டிக்குப் பதில் குலுக்கலில் பரிசு தரும் அரசுச் சேமிப்புப் பத்திரம், வாங்கி வைத்திருந்ததே எனக்குத் தெரியாது. இறந்த பிறகும் பன்னிரண்டு மாதம் அது குலுக்கலில் இருக்கும். அவர் போன மூன்றாம் மாதத்தில் 25 பவுண்டு விழுந்திருந்தது. கணக்கைத் திரும்பத் திறந்தேன். பாண்டுத் தொகை சரியாகப் பிரிந்தது. பரிசில் ஆளுக்கு 8 பவுண்டு 33 பென்னி. மீதி ஒரு பென்னிக்கு அத்தையின் பெயரை எழுதினேன்.