இரண்டு நாடுகளில் கலையும் சட்டமும்: சேலத்திலிருந்து கனடா வந்திருக்கும் மாணவர்களுக்கு

பன்னிரண்டாம் வகுப்பை சேலத்திலோ ஏற்காட்டிலோ முடித்துவிட்டு, கலைப் பட்டத்தையும் சட்டப் பட்டத்தையும் இரு நாடுகளில் சேர்த்துப் படிக்கக் கிளம்பி வரும் தம்பி தங்கையர் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "ஆறு வருடம் முடிந்ததும் நான் எங்கே வக்கீலாகலாம்?" விமானம் ஏறும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. ஆனாலும் முதல் பருவத்திலேயே கேட்பவர்களுக்குக் காலம் கடந்துவிடவில்லை. அந்த இரண்டு பட்டங்களும் தாமாக எந்த நாட்டிலும் உங்களை வழக்கறிஞராக்கிவிடாது. எந்த நாட்டில் தொழில் செய்யப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி ஆறு ஆண்டுகளையும் திட்டமிட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒன்டாரியோ மாகாணத்தின் பீட்டர்பரோவிலுள்ள டிரென்ட் பல்கலைக்கழகமும் பிரிட்டனிலுள்ள வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ பல்கலைக்கழகமும் இணைந்து நடத்தும் படிப்பைப் பார்க்கலாம். முதல் இரண்டு ஆண்டுகள் டிரென்டில், அடுத்த மூன்று ஆண்டுகள் ஸ்வான்சீயில், கடைசி ஆண்டு மீண்டும் டிரென்டில் என்பது அதன் அமைப்பு; முடிவில் ஒரு பி.ஏ. ஆனர்ஸும் ஒரு எல்.எல்.பி.யும் கிடைக்கும். கனடாவில் வழக்கமான பாதை நான்கு ஆண்டு இளங்கலையும் அதற்குப் பிறகு மூன்று ஆண்டு ஜே.டி. என்ற சட்டப் பட்டமும். நம்மூரில் பி.ஏ., எல்.எல்.பி. ஐந்தே ஆண்டுகளில் முடிந்துவிடும். ஆகவே, ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்து இந்தப் பாதையைத் தேர்ந்திருந்தால், ஆதாயம் நீங்கள் நினைத்ததைவிடச் சிறியது என்பேன். ஏனெனில் பிரிட்டனில் பெற்ற எல்.எல்.பி. கனடாவில் வெளிநாட்டுப் பட்டமாகவே கருதப்படும்.

கனடாவில் தொழில் செய்ய விரும்புவோர், மாகாண வழக்கறிஞர் சங்கங்களின் கூட்டமைப்பு நடத்தும் என்.சி.ஏ. என்ற மதிப்பீட்டுக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அரசியலமைப்புச் சட்டம், நிர்வாகச் சட்டம், குற்றவியல் சட்டம், கனடியச் சட்டத்தின் அடிப்படைகள், தொழில்நெறி ஆகியவற்றில் தேர்வு எழுதச் சொல்வார்கள். 2022 முதல் சட்ட ஆய்வும் எழுத்தும் என்ற பாடமும் கட்டாயம். ஒப்பந்தச் சட்டம், தீங்கியல் (டார்ட்) சட்டம், சொத்துச் சட்டம் ஆகியவற்றை ஸ்வான்சீயில் நல்ல மதிப்பெண்ணோடு முடிப்பவர்களுக்குச் சுமை கூடாமல் இருக்க வாய்ப்பு அதிகம். இவற்றில் ஒன்றில் தடுமாறினால் அதையும் சேர்த்து எழுதச் சொல்லலாம் என்பதால், இரண்டாம் நாட்டுக்குப் போனதும் பாடங்களைச் சற்று அலட்சியமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டாம். இவையெல்லாம் முடிந்த பிறகு ஒன்டாரியோவின் இரண்டு உரிமத் தேர்வுகளும், வழக்கறிஞர் ஒருவரிடம் வேலை பார்த்துக் கற்கும் ஆர்ட்டிக்ளிங் பயிற்சியும் காத்திருக்கின்றன. குடியுரிமை இல்லாமல் எப்படி வக்கீலாவது என்று வீட்டில் கவலைப்பட்டால், அதற்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண வழக்கறிஞர் சங்கத்துக்கு எதிரான ஆண்ட்ரூஸ் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் 1989இல் அந்தக் குடியுரிமை நிபந்தனை செல்லாது என்று தீர்ப்பளித்தது.

இங்கிலாந்து, வேல்ஸ் பக்கம் சொலிசிட்டராக விரும்பினால், 2021 செப்டம்பரில் தொடங்கிய எஸ்.க்யூ.இ. என்ற சொலிசிட்டர் தகுதித் தேர்வின் இரு கட்டங்களும் இரண்டாண்டு பணி அனுபவமும் தேவை. ஸ்காட்லாந்து இதில் சேராது. அதன் சட்ட அமைப்பே வேறு.

ஊருக்குத் திரும்பி சேலம் கோர்ட்டில் நிற்க வேண்டும் என்ற எண்ணம் மனத்தின் ஓரத்தில் இருப்பவர்கள் இதை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின்படி, வெளிநாட்டுச் சட்டப் பட்டம் ஏற்கப்பட, அது பட்டப்படிப்புக்குப் பிறகு மூன்றாண்டு முறையான படிப்பாக இருக்க வேண்டும், அல்லது பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பாக இருக்க வேண்டும். இரண்டு, மூன்று, ஒன்று என்று பிரியும் படிப்பில் பி.ஏ. முடிவதற்கு முன்பே சட்டப் பாடங்கள் முடிந்துவிடுகின்றன. சட்டப் பட்டத்தைத் தருவது ஒரு பல்கலைக்கழகம், கலைப் பட்டத்தைத் தருவது இன்னொன்று. இது மேற்சொன்ன இரண்டு வகைகளில் எதில் அடங்கும் என்பதை நீங்களோ நானோ, சேர்க்கை வாங்கித் தந்த ஏஜென்டோ தீர்மானிக்க முடியாது. இரு பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டத்தையும் இணைத்து பார் கவுன்சிலுக்கே எழுதி, எழுத்து மூலமான பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் யாரோ "ஆகும் சார், ஒன்றும் பிரச்சினை இல்லை" என்று சொன்னது பின்னாளில் எதற்கும் உதவாது.

நாடு மாறும் கட்டத்தில் விசா வேலை இரண்டு முறை வரும். பிரிட்டன் மாணவர் விசாவுக்கு இந்தியாவிலிருந்து செல்வோரிடம் காசநோய்ப் பரிசோதனைச் சான்று கேட்பார்கள். ஆனால் கனடாவில் ஆறு மாதமாவது வசித்து, அங்கிருந்து கிளம்பி ஆறு மாதத்துக்கு மேல் ஆகாதவர்களுக்கு அது தேவையில்லை. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் அம்மா கைச் சாப்பாட்டில் தங்கிவிடுபவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடக் கூடாது. மீண்டும் கனடாவுக்கு வருவதற்குப் படிப்பு அனுமதியை ஸ்வான்சீயிலிருந்தே முன்கூட்டி விண்ணப்பியுங்கள். முன்பு கொடுத்த கைரேகைப் பதிவு பத்தாண்டுகள் செல்லும். வேல்ஸில் கழியும் மூன்று ஆண்டுகள் கனடியக் குடியுரிமைக்கான வசிப்புக் காலத்தில் சேராது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கல்விக் கடன் விஷயத்தில்தான் நம்மூர்க் குடும்பங்கள் அதிகம் திணறுகின்றன. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவரிடமோ அம்மாப்பேட்டையில் தறி போட்டிருப்பவரிடமோ சம்பளச் சீட்டு இருக்காது. வருமான வரிக் கணக்கும் வீட்டுப் பத்திரமும் வில்லங்கச் சான்றிதழுமே அவர்களுக்குத் துணை. வங்கி தரும் அனுமதிக் கடிதத்தில் படிப்புக் காலம் ஆறு ஆண்டுகள் என்றே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நான்கு ஆண்டு என்று போட்டுவிட்டால், நீங்கள் இன்னும் படித்துக்கொண்டிருக்கும்போதே தவணை தொடங்கிவிடும். கட்டணத்தில் ஒரு பகுதி டாலரிலும் ஒரு பகுதி பவுண்டிலும் போகும் என்பதும், பிரிட்டனின் மருத்துவக் கூடுதல் கட்டணம் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம் விசாக் காலம் முழுவதற்கும் விண்ணப்பத்தோடு ஒரே தடவையில் கட்டப்பட வேண்டும் என்பதும் கடன் மதிப்பீட்டில் இடம்பெறட்டும். பெரும்பாலானோர் விட்டுவிடுவது இந்தத் தொகையைத்தான்.

கடைசியாகப் பெயர். மதிப்பெண் பட்டியலில் "கவிதா எம்." என்றிருக்கும், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், கனடிய ஆவணங்களில் "கவிதா" என்பது குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய், இயற்பெயர் கட்டம் வெறுமையாக நிற்கும். அடுத்த பல்கலைக்கழகம் அதையே "எம். கவிதா" என்று பதிந்துகொண்டால், ஒரே ஆளுக்கு மூன்று பெயர்களோடு என்.சி.ஏ.விடம் போய் நிற்க வேண்டிவரும். இரண்டு பல்கலைக்கழகங்களின் பதிவாளர் அலுவலகங்களிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைப் பதியச் சொல்லுங்கள். மாற்றம் ஏதும் தேவையென்றால், பட்டச் சான்றிதழ் அச்சாவதற்கு முன்பே எழுத்து மூலம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.