அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை ஓட்ட வேண்டும்?

தாம்பரம் ஹெரால்டு:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் வைத்திருந்த 1969-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நான்கு கதவு வண்டி, சென்ற ஆண்டு அவர் மறைந்த பிறகு என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கு அருகிலேயே, வண்டலூர்த் தொழிற்சாலையில் உருவான வண்டி என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. தினமும் அலுவலகத்துக்கு அதில்தான் போய் வந்தார். ஓய்வு பெற்ற பின்பும் வாரம் இரண்டு மூன்று நாள் வெளியே எடுக்காமல் இருந்ததில்லை.

நான் அதற்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற அச்சத்தில், உறை போட்டு மூடி வைத்து, ஞாயிறுதோறும் பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓட விட்டு அணைத்து வந்தேன். சென்ற மாதம் மாமல்லபுரம் வரை ஓட்டிச் சென்றபோது, வலப்பக்கப் பின்சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டு விடவில்லை. சைலன்சரில் துரு ஏறி ஓட்டை விழுந்திருந்தது. மேடு ஏறும்போது எஞ்சின் திக்கித் திக்கி நின்றது. அப்பா காலத்தில் ஒருநாளும் வராத கோளாறுகள் இவை. பழுது பார்த்தவர், இனிமேல் இதை வெளியே எடுக்காமல் காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் பழைய வண்டிகளை நீங்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள்? அலுவல் காரணமாக நான் இரண்டு மாதம் வெளியூரில் தங்க நேர்ந்தால் என்ன செய்து வைத்துவிட்டுப் போக வேண்டும்?

கோவை ஃபியட்:

தம்பி, உங்கள் தந்தையார் வண்டியை நன்றாக வைத்திருந்ததற்குக் காரணமே அவர் அதை ஓட்டிக்கொண்டிருந்ததுதான். என்னிடம் 1964-ஆம் ஆண்டு ஃபியட் 1100 டிலைட் இருக்கிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, விடிவதற்கு முன் கிளம்பி மேட்டுப்பாளையம் வரை போய்த் திரும்புவேன். போக வர ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வரும். ஒவ்வொரு ஓட்டத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். அதைப் புரட்டிப் பார்த்தால், வண்டி அதிகம் ஓடிய ஆண்டுகளில் செலவு குறைவாகவும், நான் உடல்நலம் குன்றி அதை நிறுத்தி வைத்திருந்த ஆண்டில் செலவு மிக அதிகமாகவும் இருப்பது தெரிகிறது.

நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓட விடுவது நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்யும். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்து சிறிது நேரம் ஓடினால் அந்த ஈரம் புகையோடு வெளியேறிவிடும். எஞ்சின் அந்தச் சூட்டுக்கு வராவிட்டால் ஈரம் சைலன்சருக்குள் தண்ணீராகத் தங்கி உள்ளிருந்தே அரிக்கும், மீதி எஞ்சின் ஆயிலில் கலந்து அதைக் கெடுக்கும். உங்கள் சைலன்சரில் ஓட்டை விழுந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். தண்ணீர் சூடேறிவிட்டது என்று மீட்டர் காட்டினாலும் ஆயில் சூடேற அதைப்போல் இன்னும் ஒரு மடங்கு நேரம் பிடிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். போதாக்குறைக்கு, வண்டி நகராதபோது கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில், பிரேக், சக்கர பேரிங் ஆகிய எதுவுமே வேலை செய்வதில்லை. பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றப் பழைய டைனமோ பொருத்திய வண்டியாக இருந்தால், மெதுவான ஓட்டத்தில் அது பேட்டரிக்கு அநேகமாக ஒன்றுமே கொடுக்காது. ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம்கூடத் திரும்பி வராது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டை, நம் ஊர் வெயிலுக்குத் தேவையில்லை என்று சொல்லிக் கழற்றிவிடும் வழக்கம் பல பட்டறைகளில் இருந்தது. உங்கள் வண்டியிலும் கழற்றியிருந்தால், எவ்வளவு தூரம் ஓட்டினாலும் எஞ்சின் உரிய சூட்டுக்கு வருவது கடினம். புதிதாக ஒன்றை வாங்கிப் பொருத்துவது பெரிய செலவில்லை.

ஆகவே எத்தனை முறை என்பதைவிட, ஒவ்வொரு முறையும் குறைந்தது அரைமணி நேரமாவது, டாப் கியரில் சீராக ஓடக்கூடிய சாலையில் ஓட்டுகிறோமா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். தெருமுனைக் கடைக்குப் போய் வரும் ஓட்டம் கணக்கில் சேராது.

யாழ்ப்பாணம் ஏ40:

வணக்கம். எங்களிடம் இருப்பது 1953-ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ40 சோமர்செற். கோவை ஐயா பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்கிறார். நான் ஒவ்வொரு நாளும் ஓடுகிறேன். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கி, சந்தைக்குப் போய், பின்னேரம் மறுபடியும் எடுப்பேன். எங்கள் ஊரில் இந்தக் கார்களையும் மொரிஸ் மைனர்களையும் எவரும் காட்சிப் பொருளாக வைத்திருக்கவில்லை. 1990-களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராத காலத்தில், காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய கார்கள் இவை. அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்பதால்தான் அது முடிந்தது. பிளக்குகளில் கரி பிடிக்கும், எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். என் தகப்பனார் அடிக்கடி ஒயில் மாற்றியபடியே திருமண வீடுகளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடினார். அந்த ஓட்டத்தையே தாங்கிய காரை இன்று நல்ல பெற்றோலில் ஓடுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

இது வெறும் பற்று மட்டுமன்று. 2022-இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது எங்கள் கார் சில கிழமைகள் அசையாமல் நின்றது. மழைக்குப் பிறகு எடுக்கப் போனால், கிளச் தட்டு பிளைவீலோடு துருவில் ஒட்டிக்கொண்டு கியர் விழவில்லை. அத்தனை வருட ஓட்டத்தில் வராத கோளாறு, சும்மா நின்ற சில கிழமைகளில் வந்தது. கடற்காற்று வீசும் ஊர்களில் இது இன்னும் விரைவாக நடக்கும். தாம்பரத்திலும் மழைக்காலத்து ஈரம் குறைவில்லைத்தானே.

மதுரை மார்க் 2:

ஹெரால்டு வைத்திருப்பவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். எவ்வளவு ஓட்டுவது என்று முடிவு செய்யும் முன், முன்சக்கரங்களுக்கு அடியில் இருக்கும் ட்ரன்னியன்களை, அதாவது சக்கரத்தைத் தாங்கும் தண்டின் மரை திரும்பும் அடிமூட்டுகளைப் பாருங்கள். அங்கே கிரீஸ் வைக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் வைத்தால் அது மரைகளின் அடிவரை இறங்குவதில்லை. தண்ணீர் புகுந்து தண்டு துருப்பிடித்து, ஒருநாள் வளைவில் திரும்பும்போது முறிந்து சக்கரம் மடிந்துவிடும். எனக்குப் பழுது பார்த்தவர் பல ஆண்டு கிரீஸே அடித்திருந்தார். கழற்றியபோது தண்டின் மரை பாதிக்கு மேல் அரித்திருந்தது. அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை நானே ஆயில் விடுகிறேன், வாரம் ஒருமுறை அழகர்கோவில் வரை ஓட்டுகிறேன்.

அடையாறு பத்மினி:

பெட்ரோலையும் சட்டத்தையும் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். இன்று பம்புகளில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. 1969-இல் போட்ட ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்பின் டயாபிரமும் (உள்ளே அசையும் மெல்லிய சவ்வு) அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊறிப் பிசுபிசுத்துக் கிழியும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், டாங்கின் அடியில் பல ஆண்டாகப் படிந்திருக்கும் அழுக்கையும் கரைத்துக் கொண்டுவந்து காபரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டை அடைக்கும். உங்கள் வண்டி மேட்டில் திக்கியது பெரும்பாலும் இதனால்தான் இருக்கும். குழாய்களை எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றி, டாங்கைக் கழற்றிக் கழுவி, ஒரு வடிகட்டியும் பொருத்திவிடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் தீரும் அளவுக்கே பெட்ரோல் போடுங்கள். வண்டியை அடிக்கடி ஓட்டச் சொல்வதற்கு இன்று இது இன்னொரு வலுவான காரணம். பழைய பெட்ரோல் டாங்கில் தங்கவே கூடாது.

அடுத்தது பதிவு. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும், எண்ணில் விஏ என்ற எழுத்துகள் வரும். கௌரவமாகத்தான் தோன்றும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு போன்ற காரணங்களுக்காக மட்டுமே சாலையில் எடுக்கலாம். அப்பாவைப்போல் அலுவலகத்துக்கோ கோயிலுக்கோ ஓட்ட விரும்பினால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வழக்கமான பதிவை விட்டுவிடாதீர்கள். யாரோ சொன்னார்கள் என்று அவசரப்பட்டு மாற்றி, பிறகு வருந்த வேண்டாம்.

இரண்டு மாதம் வெளியூர் போவதானால்: டாங்கை வடித்து, காபரேட்டர் காலியாகும்வரை எஞ்சினை ஓட விட்டு அணையுங்கள். பேட்டரி முனையைக் கழற்றுங்கள். டயரில் சற்று கூடுதலாகக் காற்று அடைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கைப் போடாமல் விடுங்கள். தரையைத் தொடும்படி பிளாஸ்டிக் உறை போடுவது உள்ளே ஈரத்தைப் பூட்டி வைப்பதற்குச் சமம். பருத்தித் துணி போதும்.

கோவை ஃபியட்:

பத்மினி நண்பர் டாங்கை வடிக்கச் சொல்வதில் எனக்குச் சிறு கருத்து வேறுபாடு உண்டு. காலியான இரும்பு டாங்கின் உட்சுவரில் ஈரம் படிந்து துரு ஏறும். ஆகவே, நான் இல்லாத நாட்களில் பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவியைக் கொடுத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓட்டச் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு முதலில் ஒரு மாதம் உடன் அமர்ந்து, ஸ்டீயரிங்கோடு இருக்கும் கியரைப் போடவும், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டி நிற்க எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதையும் கற்றுக் கொடுத்தேன். மற்றபடி அவர் சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன். பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கும் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். சக்கரச் சிலிண்டர் துருப்பிடித்து இறுகுவதற்கு அதுவே முதற்காரணம்.

தாம்பரம் ஹெரால்டு:

அனைவருக்கும் என் உளமார்ந்த நன்றி. இந்த மூன்று வாரத்தில் செய்தவற்றைச் சொல்கிறேன். ட்ரன்னியனைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே சுத்தமான ஆயில்தான் இருந்தது. அப்பாவின் கருவிப் பெட்டியில் 90 நம்பர் ஆயில் டப்பா ஒன்று பாதி தீர்ந்த நிலையில் கிடைத்தபோதுதான், அவர் அதை எதற்கு வைத்திருந்தார் என்று எனக்கு விளங்கியது. தெர்மோஸ்டாட் இல்லை, வாங்கிப் பொருத்திவிட்டேன். பெட்ரோல் குழாய்கள் நான்கும் மாற்றியாயிற்று. டாங்கைக் கழுவியபோது செந்நிறச் சேறு ஒரு குவளை அளவுக்கு வந்தது. பின்சக்கரச் சிலிண்டர்கள் இரண்டும் புதியவை.

பதிவை மாற்றும் எண்ணத்தைக் கைவிட்டேன். சனிக்கிழமைதோறும் காலை ஐந்தரை மணிக்குக் கிளம்பி, செங்கல்பட்டு வரை போய் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்புவதாக முடிவு செய்திருக்கிறேன். நேற்று முதல்முறையாக அம்மாவும் உடன் வந்தார்கள். வழியில், மூன்றாம் கியரிலேயே நெடுநேரம் போகிறாய், அப்பா இந்த இடத்திலெல்லாம் டாப்புக்கு மாற்றிவிடுவார் என்றார்கள். மாற்றினேன், வண்டி திக்காமல் போயிற்று. வெளியூர் போகும் இரண்டு மாதத்துக்குச் சாவியை என் தம்பியிடம் கொடுக்கிறேன். அடுத்த நான்கு சனிக்கிழமைகளும் அவன் என்னோடு வந்து பழகப் போகிறான்.