கரையில் கிடக்கும் பைபர் படகுகள்: திருத்துவதா, வெட்டி அகற்றுவதா?

வாவிக்கரை:
இலங்கை மலைநாட்டின் காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை நீர்த்தேக்கக் கரைகளில் கைவிட்டுக் கிடக்கும் பைபர் (கண்ணாடி நாரில் ரெசின் என்ற பிசின் ஊட்டி வார்த்த) படகுகளை வெட்டி அகற்றுவதுதான் ஒரே வழி என்று இங்கே பலர் எழுதுகிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பைபர் உக்குவதில்லை. உக்குவது அதற்குள் பொதிந்திருக்கும் மரம்: மோட்டார் மாட்டும் பின்பலகை, தரைக்கு அடியில் ஓடும் நீளச் சட்டங்கள், இருக்கைப் பலகை. ஜெல்கோட் என்ற மேற்பூச்சு வெளுத்துக் கையில் மாவாக ஒட்டினால் அது வெயிலின் வேலை. உயரம் 1000 மீற்றர் கூடினால் புறஊதாக் கதிர் ஏறத்தாழ 10 வீதம் கூடும், அதனால் மலையில் நிறம் சீக்கிரம் போகும். பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர, உடல் பலம் அதனால் பெரிதாகக் குறையாது.

படகைக் கெடுப்பது உள்ளே தேங்கும் மழைத்தண்ணீர். தரை 3 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம் என்று வையுங்கள். 20 சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் 600 லீற்றர், அதாவது 600 கிலோ. மிதக்கும் படகில் அந்தப் பாரத்தை அடிப்பாகம் முழுவதும் பங்கிட்டுத் தாங்கும். இரண்டு கல்லின் மேல் ஏற்றி வைத்த படகில் அந்த இரண்டு இடம்தான் தாங்கும், அங்கேதான் வெடிப்பு விழும். பின்பக்க வடிதுளைத் தக்கையைக் கழற்றிவிட்டு அணியத்தை (முன்பக்கத்தை) ஒரு முழம் உயர்த்தி வைத்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

வட்டவளை மழை:
அண்ணே, தக்கையைக் கழற்ற ஆள் இருந்தால் அதைக் கைவிட்ட படகு என்றே சொல்ல மாட்டோம். நாம் பேசுவது நாலைந்து மழைக்காலம் தண்ணீர் நின்ற படகுகளைப் பற்றி.

மரத்தில் ஈரம் 20 வீதத்தைத் தாண்டினால் உக்கல் பூஞ்சணம் பிடிக்க வழி திறக்கும். கடலோரத்தில் உப்பு ஊறிய மரத்தில் அது மெதுவாகத்தான் பரவும். இங்கே விழுவது சுத்தமான மழை. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும். மே தொடக்கம் செப்டம்பர் வரை மரம் காய நேரமே கிடைக்காது, மழை விட்டாலும் மூடுபனி. மோட்டார் மாட்டிய பழைய ஆணித் துளை ஒன்று போதும், பின்பலகைக்குள் தண்ணீர் இறங்கிவிடும். இரண்டு பக்கமும் பைபர் மூடியிருப்பதால் இறங்கிய தண்ணீர் வெளியேறாது.

இன்னொன்று. நன்னீரில் நெடுநாள் கிடந்த படகின் அடியில் கொப்புளம் எழும்பும். உப்புத் தண்ணீரை விட நன்னீரில்தான் இது அதிகம். கொப்புளத்தைக் குத்தினால் புளித்த வாசனையோடு பிசுபிசுத்த நீர் வரும். அதைத் தேய்த்து எடுத்து, நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவி, மாதக்கணக்கில் காயவிட்டுத்தான் எப்பொக்ஸி பூசலாம். எங்கள் ஊரில் மாதக்கணக்கில் எதைக் காயவிடுவது?

நுளம்பையும் மறக்காதீர்கள். தேங்கிய தண்ணீரில் முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். நுளம்பு பெருகும் இடம் வைத்திருப்பது 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம்.

ரெசின் பட்டறை:
இரண்டு பேரும் படகைத் தட்டிப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்கிறீர்கள்.

முதல் சோதனை பின்பலகை. சிறிய சுத்தியலின் பிடியால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் ‘டக்’ என்று கேட்கும், உக்கியது மொத்தையாகக் கேட்கும். சந்தேகமான இடத்தில், உட்பக்கமாக, அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் 5 மில்லிமீற்றர் துளை போடுங்கள். வெளிறிய உலர்ந்த தூள் வந்தால் நல்லது. கறுத்த ஈரத்தூளோ, தேயிலைச் சாயம் மாதிரித் தண்ணீரோ வந்தால் மரம் போய்விட்டது. துளையை எப்பொக்ஸி வைத்து அடைக்க மறக்க வேண்டாம். மோட்டார் மாட்டியிருந்தால் அதைப் பாதி தூக்கிவிட்டு, அடிக்காலைப் பிடித்துக் கீழே அழுத்துங்கள். பின்பலகை அசைவது கண்ணுக்குத் தெரிந்தால் வேறு சோதனை தேவையில்லை.

இரண்டாவது, ஈரம். நிழலில் ஒரு அடிச் சதுரக் கண்ணாடிப் பொலித்தீனை அடிப்பாகத்தில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் பைபர் ஈரமாக இருக்கிறது. அந்த நிலையில் எதைப் பூசினாலும் உரிந்து வரும்.

மூன்றாவது, நீளச் சட்டங்கள். பின்பலகை மட்டும் போயிருந்தால் திருத்தலாம். சட்டங்களும் போயிருந்தால் தரை முழுவதையும் வெட்டி எடுக்க வேண்டும். அந்தச் செலவுக்குச் சின்ன மீன்பிடிப் படகு தகாது.

வாவிக்கரை:
பின்பலகை திருத்தும் முறையையும் எழுதுங்கள் ஐயா. பலர் உக்கிய மரத்தின் மேலேயே இரண்டு அடுக்கு மட் (கண்ணாடி நார்ப் பாய்) ஒட்டிப் பெயின்ட் அடித்து விற்கிறார்கள்.

ரெசின் பட்டறை:
அது ஆபத்தான வேலை. 15 குதிரைவலு மோட்டார் ஒன்று 35 முதல் 50 கிலோ வரை வரும், அது தள்ளும் விசை வேறு. பழைய மரத்தை மூடி ஒட்டினால் வாவி நடுவில் மோட்டாரோடு பின்பலகை கழன்று போகும்.

வெளித்தோலைத் தொடாதீர்கள். உட்பக்கத் தோலை, ஓரத்தில் இரண்டு அங்குலம் விட்டு வெட்டி எடுத்து, உக்கிய மரத்தை உளியால் கடைசித் தூள் வரை சுரண்டுங்கள். வெளித்தோலின் உள்முகத்தை 40 ஆம் இலக்க அரத்தாளால் தேய்த்து அசிட்டோனால் துடைக்க வேண்டும். 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட் இரண்டை ஒட்டினால் பழைய தடிப்பு ஏறக்குறைய வந்துவிடும். விளிம்பு நாலுக்கும் ரெசின் ஊட்டிய பிறகுதான் உள்ளே இறக்கலாம். தண்ணீரை உறிஞ்சுவது அந்த விளிம்புதான், அவசரத்தில் விட்டுப்போவதும் அதுதான். கிளாம்பை அளவோடு இறுக்குங்கள், ரெசின் முழுவதும் பிதுங்கி வந்தால் ஒட்டாது. அதன் மேல் 450 கிராம் மட், குறைந்தது நாலு அடுக்கு. ஒரு சதுர மீற்றர் மட்டுக்கு ஒரு கிலோ ரெசினுக்குச் சற்றுக் கூட வேண்டும்.

அடிப்பாகத்து ஓட்டைக்குச் சரிவு முக்கியம். பைபர் 4 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் சுற்றிலும் 48 மில்லிமீற்றர், அதாவது பன்னிரண்டு மடங்கு சரித்துத் தேய்க்க வேண்டும். செங்குத்தாக வெட்டி ஒட்டிய ஒட்டு முதல் அடியில் வில்லையாகக் கழன்று வரும்.

வட்டவளை மழை:
ஐயா சொல்வது பட்டறைக்குச் சரி. கரையில், குளிரில்? நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காலையில் கலக்கும் பொலியெஸ்டர் ரெசின் மறுநாளும் பிசினாக நிற்கும்.

ரெசின் பட்டறை:
நியாயமான கேள்வி தம்பி. 15 பாகைக்குக் கீழே பொலியெஸ்டர் ஒழுங்காக இறுகாது. அதற்காக ஹாட்னரை (ரெசினை இறுகச் செய்யும் திரவத்தை) அள்ளி ஊற்றக் கூடாது. ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி, அதோடு நிறுத்துங்கள். கூடினால் நொறுங்கும், குறைந்தால் எத்தனை நாளானாலும் முழுதாக இறுகாது. ஜனவரி முதல் மார்ச் வரை, காலை பத்து மணி தொடக்கம் பகல் இரண்டு மணிக்குள் வேலை முடிய வேண்டும். ரெசின் டின்னை முன்னதாகவே வெயிலில் வைத்துச் சூடேற்றலாம், நெருப்புக்கு அருகில் ஒருபோதும் வேண்டாம். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஹாட்னரையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றதை ஊற்ற வேண்டும்.

வட்டவளை மழை:
அப்படியானால் ஆண்டுக்கு மூன்று மாதம், அதிலும் பகலில் நாலு மணி நேரம். மற்ற மாதங்களில் இவை கரையில் கிடக்கும். தென்மேல் பருவத்தில் நீர்மட்டம் ஏறும்போது பாதி மிதந்து பாதி அமிழும். வலை போடுபவர்களின் வலை அதில் சிக்கிக் கிழியும். படகைத் திருத்தச் சொல்லும் யாரும் இந்த நட்டத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

வாவிக்கரை:
வலைச் சேதம் உண்மை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெட்டிய பிறகு அது எங்கே போகும்? உருக்கிவிட இது இரும்பு இல்லை. எரித்தால் கறுத்த நச்சுப்புகையும் கண்ணாடி நாரும் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளுக்குள் போகும். கரையில் கிரைண்டர் வைத்து அறுத்தால் தூள் அப்படியே வாவியில் இறங்கும். பிரான்சில் 2019 முதல் பழைய படகுகளைப் பொறுப்பேற்றுப் பிரித்து அகற்றத் தனி ஏற்பாடு இருக்கிறது. ஜெர்மனியில் பைபர் கழிவைச் சிமெந்துச் சூளைக்கு அனுப்புகிறார்கள். நமக்குக் கரைப்பக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது? வெட்டச் சொல்பவர்கள் துண்டுகள் போகும் இடத்தையும் சொல்ல வேண்டும்.

வட்டவளை மழை:
முதலில் நீர் ஏறும் கோட்டுக்கு மேலே இழுத்துவிட வேண்டும். மவுசாகலையில் தண்ணீர் வற்றிப் பழைய மஸ்கெலியாக் கோவில் தெரியும் காலம்தான் அதற்கு வசதி. உரிமையாளரையும் மீனவர் சங்கத்தையும் கேட்காமல் எதிலும் கை வைக்கக் கூடாது. ஐயாவின் சோதனையில் தோற்றதைக் கரையில் அறுக்காமல் லொறியில் ஏற்றி, கூரையுள்ள இடத்தில், தண்ணீர் தெளித்துக்கொண்டே வைரப் பிளேட்டால் அறுக்கலாம். முகத்துக்குத் தூசுக் கவசம், கைக்கு நீளச் சட்டை. துண்டுகளைப் பிரதேச சபை காட்டும் இடத்தில் புதைக்கலாம். இது நல்ல தீர்வு என்று சொல்ல மாட்டேன். கரையில் விடுவதை விட மேல்.

வாவிக்கரை:
சோதித்த பிறகு என்கிறீர்கள், அதற்கு நான் சம்மதம். சோதிக்கும் வரை எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள். கிராண்டிஸ் (யூக்கலிப்டஸ்) கட்டை இரண்டைக் குறுக்கே போட்டு, விளிம்பு மண்ணில் படாமல் ஒரு சாண் தூக்கி. பழைய டயர் வேண்டாம், அதிலும் தண்ணீர் நிற்கும். கவிழ்க்க முடியாத பெரிய படகுக்கு நடுவில் ஒரு கம்பு நிறுத்திக் கூரை மாதிரித் தறப்பாள் கட்டி, இரண்டு முனையும் காற்றுக்குத் திறந்து விடுங்கள். இறுக்கிப் போர்த்தினால் உள்ளே வியர்த்து மரம் இன்னும் வேகமாக உக்கும்.

ரெசின் பட்டறை:
ஒரு சேர்க்கை. தரைக்கு அடியில் மஞ்சள் நுரை அடைத்த படகு என்றால் கவிழ்த்தாலும் அந்த நுரை காயாது. தரையில் 10 சென்ரிமீற்றர் வட்டம் வெட்டி ஒரு கை நுரையை எடுத்துப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால் மற்றச் சோதனைகளில் தேறியிருந்தாலும் முழு நுரையையும் எடுத்தாக வேண்டும். உள்ளே தண்ணீர் புகுந்தால் படகைத் தூக்கிப் பிடிப்பது அந்த நுரைதான். நனைந்த நுரையோடு எந்தப் படகையும் தண்ணீரில் இறக்க விடாதீர்கள்.