பழைய எம்-29 வீசல் பனிவண்டிகளைத் தேடும்போது எலி, குளவி, பாம்புத் தொல்லை: எப்படிச் சமாளிப்பது?

கேள்வி (கொலராடோவிலிருந்து)

வணக்கம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஸ்டூடிபேக்கர் நிறுவனம் தயாரித்த, தடச்சங்கிலியில் ஓடும் எம்-29 வீசல் பனிவண்டி ஒன்றை வாங்கிச் சீரமைக்க வேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம். நார்வேயின் பனிப்பகுதிகளில் ஊடுருவித் தாக்குவதற்கென்று பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர் ஜெஃப்ரி பைக் முன்வைத்த யோசனையிலிருந்து பிறந்து, ஏறத்தாழ 15,000 வரை செய்யப்பட்ட இந்த வண்டிகள், போர் முடிந்தபின் உபரிச் சரக்காக விற்கப்பட்டுப் பனிச்சறுக்கு மையங்களுக்கும் மலைப்பண்ணைகளுக்கும் போய்ச் சேர்ந்தன. அவற்றில் ஒன்று எங்கள் பகுதிப் பண்ணையொன்றின் கொட்டகைக்குப் பின்னால் நெடுங்காலமாகக் கிடக்கிறது. உரிமையாளர் விற்கச் சம்மதித்துவிட்டார்.

ஓட்டுநருக்கு வலப்பக்கமுள்ள எஞ்சின் அறை முழுவதும் சுள்ளியும் கள்ளிமுள்ளும் காய்ந்த சாணமுமாக ஒரு பெரிய குவியல் இருக்கிறது. பேக் ராட் என்ற காட்டெலி கட்டிய கூடு அது என்று பண்ணையார் சொல்கிறார். பின்னிருக்கைகளின் அடியில் எலிப்புழுக்கையும் கருவிப்பலகையின் கீழ் குளவிக்கூடும் தெரிகின்றன. வண்டியின் அடித்தகடு எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்று பார்க்காமல் விலை பேச முடியாது. பார்ப்பதற்கு உள்ளே இறங்கத்தான் வேண்டும். இவற்றில் உண்மையில் அஞ்ச வேண்டியது எது? எந்தப் பருவத்தில் போவது நல்லது?

மறுமொழி 1

நண்பரே, இரண்டு பெட்டி அந்துருண்டையை உள்ளே கொட்டி, வண்டியைத் தார்ப்பாயால் மூடி ஒரு வாரம் விட்டுவிடுங்கள். எலியும் பாம்பும் தாமாகவே வெளியேறிவிடும் என்று எங்கள் பக்கத்துப் பழைய டிராக்டர் சேகரிப்பாளர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதன்பிறகு விளக்குமாற்றால் கூட்டி எடுத்துவிடலாம்.

மறுமொழி 2 (நியூ மெக்ஸிகோவிலிருந்து)

மேலே உள்ள ஆலோசனையைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். துணிப்பூச்சிக்காக விற்கப்படும் அந்துருண்டையை வெளியிடத்தில் விலங்குகளை விரட்டப் பயன்படுத்துவது அமெரிக்கப் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்கு மாறானது. பாம்பையோ எலியையோ அது விரட்டுவதுமில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து விளக்குமாற்றில்தான் இருக்கிறது.

நீங்கள் பட்டியலிட்டவற்றில் நான் முதலில் அஞ்சுவது குளவிக்கும் பாம்புக்கும் அல்ல, அந்த எலிப்புழுக்கைக்குத்தான். மேற்கு மாநிலங்களில் எங்கும் காணப்படும் டீர் மவுஸ் என்ற வெண்வயிற்றுச் சுண்டெலியின் சிறுநீர், புழுக்கை, எச்சில் ஆகியவற்றில் ஹன்டா வைரஸ் இருக்கக்கூடும். 1993-ஆம் ஆண்டு உங்கள் மாநிலமும் எங்கள் மாநிலமும் சந்திக்கும் நான்முனைப் பகுதியில் இளவயதினர் திடீரென்று மூச்சுத்திணறி இறந்தபோதுதான் இந்த நோய் கண்டறியப்பட்டது. காய்ந்த புழுக்கையைக் கூட்டும்போது எழும் தூசியைச் சுவாசிப்பதே தொற்றுக்கு முக்கிய வழி. நோய் வெளிப்பட ஒன்று முதல் எட்டு வாரங்கள் ஆகலாம். தனி மருந்து கிடையாது. நுரையீரல் பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 38 சதவீதத்தினர் உயிரிழக்கின்றனர். பல ஆண்டுகளாக மூடிக்கிடக்கும் இராணுவ வண்டியின் உட்புறம், காற்றோட்டமும் வெயிலும் படாத இடம் என்பதால், இதற்கு மிகவும் தோதானது.

ஆகவே, முதலில் மூடிகளையும் தார்ப்பாயையும் திறந்து குறைந்தது அரைமணி நேரம் விலகி நின்று காற்றோட விடுங்கள். ரப்பர் கையுறையும் நுண்துகள்களைத் தடுக்கும் ஹெப்பா வடிகட்டி பொருத்திய சுவாச முகமூடியும் அணிந்துகொண்டு, ஒரு பங்கு வீட்டுப் பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்த கரைசலைப் புழுக்கையும் கூடும் நன்றாக நனையும்படி தெளித்து, ஐந்து நிமிடமாவது ஊறவிட்டு, ஈரமாக இருக்கும்போதே காகிதத் துண்டால் அள்ளிப் பையில் கட்டுங்கள். கூட்டக்கூடாது, வாக்குவம் கிளீனர் போடக்கூடாது, காற்றழுத்தக் குழாயால் ஊதவே கூடாது. பிளீச் உலோகத்தை அரிக்கும் என்பதால் வேலை முடிந்ததும் தண்ணீர்விட்டுக் கழுவி உலர்த்துங்கள். காற்று வடிகட்டியையும் மின்கலப் பெட்டியையும் கட்டாயம் திறந்து பாருங்கள். எலிகள் விரும்பிக் கூடு கட்டும் இடங்கள் அவை.

பேக் ராட் குவியலைப் பற்றி ஒரு வார்த்தை. பளபளப்பான சிறு பொருட்களை இழுத்துப்போய்க் கூட்டில் சேர்ப்பது அதன் இயல்பு. கருவிப்பலகையின் பெயர்த்தகடு, திருகாணி, பொத்தான் போன்றவை காணாமற்போயிருந்தால் அந்தக் குவியலுக்குள்ளேயே இருக்க வாய்ப்புண்டு. எனவே அதையும் நனைத்து, சிறிது சிறிதாக எடுத்து, காந்தம் கொண்டு துழாவிய பிறகே வெளியேற்றுங்கள். பித்தளையும் அலுமினியமும் காந்தத்தில் ஒட்டாது என்பதால் கண்ணாலும் பார்க்க வேண்டும். அசல் பெயர்த்தகடு இல்லாத வண்டியின் வரலாற்றை மீட்பது எவ்வளவு கடினம் என்பது சேகரிப்பாளர்களுக்குத் தெரியும்.

மறுமொழி 3 (மொன்டானாவிலிருந்து)

மேலுள்ள மறுமொழியை அப்படியே வழிமொழிகிறேன். பருவத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்: கடும் உறைபனி சில முறை விழுந்த பிறகு, தரையைப் பனி மூடுவதற்கு முன்பு போங்கள். மலைப்பகுதிகளில் அது பெரும்பாலும் அக்டோபர் மாதமாக அமையும்.

குளவிக் கூட்டம் கோடையின் இறுதியில்தான் மிகப் பெரிதாகவும் மிக மூர்க்கமாகவும் இருக்கும். உறைபனியில் வேலைக்காரக் குளவிகள் மடிந்துவிடும்; இளம் இராணிகள் மட்டும் வேறிடங்களில் பதுங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கும்; காகிதம் போன்ற அந்தப் பழைய கூட்டில் மறு ஆண்டு குடியேறாது. ஆகஸ்டில் மருந்தடித்துப் போராட வேண்டிய இடத்தில் அக்டோபர் கடைசியில் வெறும் கையுறையோடு கூட்டைப் பெயர்த்தெடுக்கலாம்.

எங்கள் மாநிலத்தில் உள்ள ஒரே கிலுகிலுப்பைப் பாம்பு வகையான புல்வெளிக் கிலுகிலுப்பைப் பாம்பும் அந்நேரத்தில் குளிர்காலப் பொந்துக்குப் போயிருக்கும். உங்கள் வண்டி 9,000 அடிக்கு மேல் கிடந்தால் அந்தக் கவலை பெரும்பாலும் தேவையில்லை. தாழ்ந்த வறண்ட பள்ளத்தாக்கில் கிடந்தால், எலி இருக்கும் இடத்துக்கு இரை தேடிப் பாம்பு வரும் என்று வைத்துக்கொண்டே நடங்கள். தடச்சங்கிலிக்கும் உடற்பகுதிக்கும் இடையிலுள்ள நிழலில் கைவிடாதீர்கள். நீண்ட கம்பால் தட்டி, விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் குனியுங்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, பனிக்கட்டி வைப்பது எதுவும் வேண்டாம். மோதிரத்தைக் கழற்றிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கைப்பேசி இணைப்புக் கிடைக்காத பண்ணைகளே அதிகம் என்பதால் தனியாகப் போகாதீர்கள்.

மறுமொழி 4 (அலாஸ்காவிலிருந்து)

ஒருவரும் பறவைகளைக் குறிப்பிடவில்லை. வசந்தத்திலோ கோடையிலோ போய், வண்டிக்குள் தகைவிலான் போன்ற பறவைகளின் முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைக் கண்டால், 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டப்படி அனுமதியின்றி அதை அகற்ற முடியாது. குஞ்சுகள் பறந்துபோகும் வரை சில வாரங்கள் காத்திருப்பதுதான் முறை. எழுபது, எண்பது ஆண்டுகள் கிடந்த வண்டிக்கு அது பெரிய தாமதமல்ல என்பது என் உறுதியான எண்ணம். முன்பணம் கொடுத்து எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டு, இழுத்து ஏற்றும் நாளை மட்டும் தள்ளிவையுங்கள்.

எங்கள் பக்கத்தில் கரடிகள் பனிவண்டிகளின் இருக்கைப் பஞ்சைக் கடித்துக் குதறுவது வழக்கம். எண்ணெய், பெட்ரோல் வாசனையும் அவற்றை ஈர்க்கும். புதருக்குள் கிடக்கும் வண்டியை நெருங்கும்போது உரக்கப் பேசிக்கொண்டே செல்கிறோம், கரடித் தெளிப்பானைக் கையிலேயே வைத்திருக்கிறோம். முள்ளம்பன்றி வேறு வகைத் தொல்லை. உப்புக்கும் ஒட்டுப்பலகையின் பசைக்கும் ஆசைப்பட்டு, பிற்காலத்தில் பொருத்தப்பட்ட மரக்கூண்டையும் ரப்பர் குழாய்களையும் அது கொறித்துவிடும். வீசலின் தடச்சங்கிலியில் எஃகுத் தகடுகளைத் தாங்குவது ரப்பர் பட்டைகளே. நல்ல பட்டைகள் கிடைப்பது அரிது. ஆகவே விலை பேசும் முன் ஒவ்வொரு பட்டையின் உட்புறத்திலும் பல்தடமோ வெடிப்போ இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. அக்டோபர் வரை காத்திருப்பதற்கு உரிமையாளர் இசைந்துவிட்டார். அதுவரை வண்டியை எவரும் கூட்டவோ கழுவவோ வேண்டாம் என்றும், அவருடைய பேரப்பிள்ளைகளை அதன் உள்ளே விளையாட விட வேண்டாம் என்றும் ஹன்டா வைரஸ் பற்றி விளக்கிக் கேட்டுக்கொண்டேன். எஞ்சின் அறையிலுள்ள குவியலை நனைக்கும்போது, எஞ்சினைக் கையால் சுழற்றிப் பார்க்கும் எண்ணமிருப்பதால், தீப்பொறிச் செருகிகளின் துளைகளுக்குள் தண்ணீர் இறங்காமலிருக்க எவ்வாறு அடைப்பது?

மறுமொழி 2 (நியூ மெக்ஸிகோவிலிருந்து)

குவியலை முழுவதும் அகற்றி, கழுவி, உலர்த்தும் வரை செருகிகளைக் கழற்ற வேண்டாம். அவை இருக்கும் வரை அந்தத் துளைகள் அடைபட்டே இருக்கும். கார்புரேட்டரின் வாயையும் புகைக்குழாயின் முனையையும் மட்டும் தடித்த பாலித்தீன் உறையால் மூடிக் கட்டுங்கள். உலர்ந்தபின் செருகிகளைக் கழற்றி, ஒவ்வொரு உருளைக்குள்ளும் சிறிது மெல்லிய எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊறவைத்த பிறகு மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். புகைக்குழாய்க்குள்ளும் எலி கூடு கட்டியிருக்கக்கூடும். ஆகவே முகமூடியைச் சுழற்றும் நேரத்திலும் கழற்றாதீர்கள்.